கம்பெனி வக்கீல் என்ன கேட்பார்?

சாலையில் விபத்து நடக்கிறது. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவர் இறந்துவிடுகிறார். அழுகை ஓய்வதற்குள் அடுத்த கவலை வந்து வாசலில் நிற்கிறது. இனி அடுப்பு எப்படி எரியும்? பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்?

"நஷ்டஈடு கிடைக்கும்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு கிடைக்கும்? யார் கொடுப்பார்கள்? எப்போது கொடுப்பார்கள்? யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை.

வழக்குப் போட்ட பிறகு அந்தக் குடும்பம் ஒரு புதிய மனிதரைப் பார்க்கிறது. அவரும் கறுப்புக் கோட்டு போட்டவர்தான். ஆனால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். குடும்பம் கேட்கும் பணத்தைக் குறைக்க வேண்டும், முடிந்தால் கொடுக்காமலே இருக்க வேண்டும் என்று வாதாடுகிறார். அவர்தான் கம்பெனி வக்கீல்.

அவர் நமக்குப் பகையாளியா? அவருடைய வேலை என்ன? அவர் கேட்கும் கேள்விகளுக்கு எதைக் காட்டிப் பதில் சொல்வது? ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, நடக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

திருப்பத்தூர் விபத்து

2025-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே இரண்டு அரசு பஸ்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. பத்துக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். பலர் படுகாயம் அடைந்தார்கள். செட்டிநாடே துக்கத்தில் ஆழ்ந்தது.

இப்படிப்பட்ட பெரிய விபத்துகளில் அரசாங்கம் உடனே நிவாரணத் தொகை அறிவிப்பது வழக்கம். அந்தத் தொகை கைக்கு வந்ததும் "நஷ்டஈடு வந்துவிட்டது" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல.

நிவாரணம் என்பது அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுப்பது. நஷ்டஈடு என்பது சட்டப்படி நமக்கு உரிமையானது. நிவாரணம் வாங்கினாலும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்.

"இரண்டு பஸ் மோதினால் எந்த டிரைவர் மீது தப்பு என்று யார் நிரூபிப்பது?" என்று கேட்கலாம். பஸ்சுக்குள் உட்கார்ந்திருந்த பயணிக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு டிரைவர்களின் தப்பும் சேர்ந்து விபத்து நடந்தால், இருவரில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் பயணி கேட்கலாம் என்று 2015-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. யார் பங்கு எவ்வளவு என்பதை அவர்கள் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்சூரன்சு எப்படி வந்தது?

மோட்டார் வண்டி வைத்திருப்பவர் கட்டாயம் இன்சூரன்சு செய்ய வேண்டும். ஏன்? வண்டி மோதி ஒருவர் இறந்தால், வண்டிக்காரரிடம் பணம் இல்லாமல் போகலாம். அப்போது செத்தவர் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது. வண்டிக்காரருக்காக இன்சூரன்சு கம்பெனி பணம் கட்டும். இதுதான் ஏற்பாடு.

இங்கிலாந்தில் இந்த விதி 1930-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இந்தியாவில் 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1946-ம் ஆண்டில் அமலுக்கு வந்தது. விபத்து வழக்குகளை விசாரிக்கத் தனி டிரிபியூனல் அமைக்க 1956-ம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1988-ம் ஆண்டுச் சட்டம். 2019-ம் ஆண்டில் அதில் பெரிய திருத்தங்கள் செய்தார்கள்.

இன்சூரன்சு தொழில் செட்டிநாட்டுக்குப் புதிது அல்ல. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியை 1937-ம் ஆண்டில் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். அந்தப் பாங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. 'யுனைடெட் இந்தியா' என்ற பெயரில் அவர் இன்சூரன்சு தொழிலும் நடத்தினார். 1954-ம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் உயிர் இழந்தார். ஆயிரக்கணக்கான பேருக்கு இன்சூரன்சு கொடுத்தவரையும் விபத்து விடவில்லை!

1972-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் பொது இன்சூரன்சு கம்பெனிகளைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பிறகு 2000-ம் ஆண்டையொட்டித் தனியார் கம்பெனிகளுக்கும் மீண்டும் கதவு திறந்தது. இன்று இரண்டும் இருக்கின்றன. எந்தக் கம்பெனியானாலும், வழக்கு வந்தால் வாதாடத் தனக்கென்று வக்கீல்களை வைத்திருக்கும்.

வக்கீலின் மேஜையில்

டிரிபியூனலில் மனு தாக்கல் ஆனதும் கம்பெனிக்கு நோட்டீசு போகும். மாவட்ட நீதிபதியோ, சப்-ஜட்ஜோதான் டிரிபியூனலாக இருந்து விசாரிப்பார். நோட்டீசு வந்ததும் கம்பெனி அந்தக் கட்டைத் தன் வக்கீலிடம் கொடுக்கும்.

வக்கீல் முதலில் கோர்ட்டுக்குப் போவதில்லை. காகிதங்களைப் படிக்கிறார். போலீசாரின் முதல் தகவல் அறிக்கை, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, டிரைவரின் லைசென்சு, வண்டியின் பாலிசி, இறந்தவரின் வயதுச் சான்று, வருமானச் சான்று... ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்கிறார். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறார். கம்பெனியின் ஆள் ஒருவர் ஊருக்கே வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் உண்டு.

இதில் குற்றம் இல்லை. கம்பெனியிடம் இருக்கும் பணம் வானத்திலிருந்து விழவில்லை. வண்டி வைத்திருக்கும் லட்சக்கணக்கானவர்கள் கட்டிய பிரீமியப் பணம் அது. பொய்க் கணக்குக்குப் போகாமல் அதைக் காப்பது அவர் கடமை.

அவர் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகள் ஆறு.

"அந்த வண்டிதானா?"

முதல் கேள்வி இதுதான். மோதியதாகச் சொல்லும் வண்டிதான் உண்மையில் மோதியதா? முதல் தகவல் அறிக்கையில் வண்டி நம்பர் இருக்கிறதா? புகார் எத்தனை நாள் கழித்துக் கொடுக்கப்பட்டது?

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குடும்பம், போலீசு நிலையத்துக்குத் தாமதமாகத்தான் போகும். இது கோர்ட்டுக்கும் தெரியும். தாமதம் ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி வழக்கைத் தள்ளக் கூடாது என்று 2011-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே, "இன்ன வண்டி மோதியது" என்று சொல்லி எழுதவைப்பது நல்லது. பிற்பாடு அந்த ஒரு வரி பெரிய சாட்சியாக நிற்கும்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்? தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்கள் எத்தனை பேர்! இருட்டில் சாலை ஓரம் நடக்கிறவர்களை ஒரு வண்டி இடித்துவிட்டு மறைந்துவிடலாம். அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. வண்டி அடையாளம் தெரியாவிட்டால், உயிர் போனதற்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் கேட்கலாம். 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் இந்தத் தொகை அமலில் இருக்கிறது.

"தப்பு யாருடையது?"

இரண்டாவது கேள்வி. எதிரே வந்த லாரி வேகமாக வந்ததா? அல்லது மோட்டார் சைக்கிளில் போனவர் பார்க்காமல் குறுக்கே திரும்பினாரா?

இருவர் மீதும் தப்பு என்று தீர்ப்பானால், நஷ்டஈட்டில் ஒரு பங்கு குறையும். கால் பங்கு தப்பு என்றால் கால் பங்கு பணம் போய்விடும். அதனால்தான் வக்கீல் இதில் வலுவாக வாதாடுவார்.

ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனார்கள் என்றால் உடனே அதைப் பிடித்துக்கொள்வார். மூன்று பேர் போவது சட்டப்படி குற்றம்தான். ஆனால் அந்தக் காரணத்தால்தான் விபத்து நடந்தது என்று காட்டாமல், பின்னால் உட்கார்ந்திருந்தவரின் பணத்தைக் குறைக்க முடியாது. 2020-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இப்படித் தீர்ப்புக் கூறியது.

"எதில் ஏறிப் போனார்?"

கிராமத்துக் குடும்பங்களை அடியோடு கவிழ்க்கும் கேள்வி இது.

கோவில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்றால் சரக்கு வண்டியில் ஏறிக்கொண்டு போகிறோம். இருபது பேர், முப்பது பேர் நின்றுகொண்டே போகிறார்கள். பஸ் கட்டணம் மிச்சம் என்று நினைக்கிறோம். அந்த வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்?

சரக்கு வண்டியின் பாலிசி, அதில் சும்மா ஏறிப் போகும் ஆட்களுக்குப் பொறுப்பு ஏற்காது. 2002-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. கம்பெனி வக்கீல் எழுந்து, "இவர்கள் சரக்கு வண்டியில் ஆட்களாக ஏறினார்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் கம்பெனி விடுபட்டுவிடும். பிறகு வண்டிச் சொந்தக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். அவரிடம் அந்த வண்டியைத் தவிர வேறு சொத்து இல்லாமல் இருக்கலாம். அவரும் அதே ஊர்க்காரராக, ஒருவேளை சொந்தக்காரராகக்கூட இருக்கலாம். கோர்ட்டில் ஜெயித்தும் கையில் காசு வராது.

ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் குடும்பத்தின் வாழ்வையே பணயம் வைக்கலாமா?

"லைசென்சு இருந்ததா?"

நாலாவது கேள்வி டிரைவரைப் பற்றியது. லைசென்சு இல்லாதவர் வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டால், கம்பெனி கையை விரித்துவிடுமா?

செத்தவர் குடும்பம் என்ன பாவம் செய்தது? அதனால் 2004-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி சொன்னது. லைசென்சு இல்லை என்று சொன்னால் போதாது. வண்டிச் சொந்தக்காரர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், தகுந்த வழக்குகளில் முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடமிருந்து வசூல் செய்துகொள்ளும்படி கோர்ட்டு உத்தரவு போடலாம்.

ஆகவே, வண்டி வைத்திருப்பவர்களே! லைசென்சு இல்லாத பையனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். இன்று கம்பெனி கொடுக்கும் பணத்தை நாளை உங்கள் வீட்டை விற்றுக் கட்ட வேண்டி வரலாம்.

"வயது என்ன? வருமானம் என்ன?"

ஐந்தாவது கேள்வியில்தான் பெரிய பணம் இருக்கிறது. கூண்டில் நிற்கும் மனைவியிடம் வக்கீல் இப்படிக் கேட்பார்:

"அம்மா, உங்கள் வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார்?"

"கொத்தனார் வேலைங்க ஐயா."

"மாசம் என்ன சம்பாதித்தார்?"

"பதினஞ்சாயிரம் கொண்டாந்து குடுப்பாருங்க."

"அதற்கு ஏதாவது ரசீது, பாங்கிக் கணக்கு இருக்கிறதா?"

அந்த அம்மாள் திகைத்து நிற்பாள். கொத்தனாருக்கு யார் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியின் விலை என்ன தெரியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கு கசக்காது!

2009-ம் ஆண்டிலும் 2017-ம் ஆண்டிலும் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த இரண்டு தீர்ப்புகளில் இந்தக் கணக்கு முறை இருக்கிறது. நாடு முழுவதும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இறந்தவருக்கு வயது 34. சொந்தக் கையால் உழைத்துப் பிழைத்தவர். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார் ஆக நாலு பேரைக் காப்பாற்றினார் என்று வைத்துக்கொள்வோம்.

மாத வருமானம் 15,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,80,000 ரூபாய்.

அவர் உயிரோடு இருந்தால் வருமானம் உயர்ந்திருக்கும் அல்லவா? 40 வயதுக்குக் கீழ்ப்பட்ட சொந்தத் தொழிலாளிக்கு 100-க்கு 40 வீதம் சேர்க்க வேண்டும். 72,000 ரூபாய் சேர்த்தால் 2,52,000 ரூபாய்.

அவருக்கென்று செலவு செய்திருப்பார் அல்லவா? நாலு பேரைக் காப்பாற்றியவருக்கு அந்தச் செலவு கால் பங்கு. 63,000 ரூபாயைக் கழித்தால் மிச்சம் 1,89,000 ரூபாய்.

இதை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஈமச் செலவு, மனைவி துணையை இழந்தது போன்றவற்றுக்குத் தனியாகக் கொஞ்சம் சேரும்.

இப்போது வக்கீல் வாதாடி, மாத வருமானம் 10,000 ரூபாய்தான் என்று தீர்ப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கைப் போட்டால் 20,16,000 ரூபாய்தான் வரும். மாதம் 5,000 ரூபாய்ச் சண்டையில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது!

வயதிலும் அப்படித்தான். 34 வயதை 36 என்று தப்பாக எழுதிவிட்டால், பெருக்கும் எண் 15 ஆகிவிடும். ஒரு தப்பில் 1,89,000 ரூபாய் குறையும்.

பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது. நம் வீடுகளில் இது சாதாரணம். கம்பெனி வக்கீலுக்கு அது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி.

கூலி வேலை செய்கிறவர்களும் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது பாங்கிக் கணக்கில் போட வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்யும் வேலைக்கு அது ஒரு சான்று.

வீட்டில் இருக்கும் பெண் இறந்தால்? "அவளுக்கு ஏது வருமானம்?" என்று யாரும் கேட்க முடியாது. சமைக்கிறாள், துவைக்கிறாள், பிள்ளைகளை வளர்க்கிறாள், பெரியவர்களைக் கவனிக்கிறாள். அந்த உழைப்புக்கும் விலை உண்டு, அதற்கு ஒரு வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அழுத்திச் சொன்னது.

"ஊனம் எவ்வளவு?"

ஆறாவது கேள்வி, உயிர் பிழைத்தவர்களுக்கு உரியது. கையோ காலோ போய்விட்டால் டாக்டர்கள் "இத்தனை சதவீதம் ஊனம்" என்று சான்று கொடுப்பார்கள். சதவீதம் அதிகம் என்று கம்பெனி வக்கீல் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்வார்.

ஆனால் டாக்டர் சொல்லும் சதவீதத்தோடு விஷயம் முடிவதில்லை. அந்த ஊனத்தால் அவர் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்று பார்க்க வேண்டும். 2010-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இதை விளக்கியது.

ஆத்தங்குடியில் தரை ஓடு செய்கிறவரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி மீது அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி ஒவ்வொன்றாகச் செய்கிறார். அவருக்கு ஒரு கை போனால் தொழிலே போயிற்று. அதே கை ஓர் ஆசிரியருக்குப் போனால், கஷ்டப்பட்டாவது பாடம் சொல்லிக் கொடுக்கலாம். ஊனம் ஒன்றுதான். நஷ்டம் வேறு. ஆகவே, "நான் இந்த வேலை பார்த்தேன், இப்போது இதைச் செய்ய முடியவில்லை" என்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

பொய் வழக்குகள்

"ஏழைக் குடும்பத்திடம் இவ்வளவு கேள்வி கேட்கலாமா?" என்று சிலருக்குக் கோபம் வரும். கேட்கத்தான் வேண்டும். ஏனென்றால் பொய் வழக்குகளும் நடக்கின்றன.

மரத்தில் இருந்து விழுந்தவரை வண்டி மோதியதாகச் சொல்வது, ஓட்டியவரை மாற்றுவது, இன்சூரன்சு இல்லாத வண்டிக்குப் பதில் இன்சூரன்சு உள்ள வண்டியின் நம்பரைக் கொடுப்பது இப்படிப் பல தந்திரங்கள். உத்தரப் பிரதேசத்தில் இத்தகைய பொய் வழக்குகளை விசாரிக்கத் தனிப் போலீசு படையே அமைக்கப்பட்டது. 2021-ம் ஆண்டில் அந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து, சம்பந்தப்பட்ட வக்கீல்கள் மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

ஒருவர் போடும் பொய் வழக்கால் பத்து உண்மையான குடும்பங்கள் சந்தேகத்துக்கு ஆளாகின்றன.

ஆனால் கம்பெனி வக்கீலுக்கும் எல்லை உண்டு. அவர் உண்மையைத் தேடலாம், மறைக்கக் கூடாது. கட்சிக்காரருக்கு உழைக்கும் அதே நேரத்தில் கோர்ட்டுக்கும் அவர் கடமைப்பட்டவர். உண்மை என்று தெரிந்த வழக்கையும் வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடித்தால், அது தொழில் அல்ல. விதவையின் வயிற்றில் அடிக்கும் காரியம்.

பஸ் ஜப்தி ஏன்?

அரசு பஸ் மோதினால் நிலைமை வேறு. தனியார் வண்டிகளைப்போல அரசு பஸ்கள் இன்சூரன்சு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நஷ்டஈடு கொடுக்கத் தனி நிதி வைத்துக்கொண்டால், சட்டம் விலக்கு அளிக்கிறது. அதனால் போக்குவரத்துக் கழகமே தன் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் ஓடியது. 1997-ம் ஆண்டில் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டு, எல்லாம் தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் ஆயின. இப்போது காரைக்குடி, கும்பகோணம் கழகத்தின் ஒரு மண்டலம்.

கழகங்களுக்கு எப்போதும் பணத் தட்டுப்பாடு. தீர்ப்பு வரும், பணம் வராது. குடும்பம் மீண்டும் கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்று மனு போடும். கோர்ட்டு ஜப்தி உத்தரவு போடும். அமீனா உத்தரவோடு பஸ் நிலையத்துக்கு வருவார். ஓடிக்கொண்டிருந்த பஸ் கோர்ட்டு வளாகத்தில் போய் நிற்கும். பயணிகள் மூட்டை முடிச்சோடு நடுவழியில் இறங்குவார்கள். "அரசு பஸ் ஜப்தி" என்று மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும். தமிழ்நாட்டில் இது புதுமை அல்ல.

வாய்தாவின் விலை

இழுத்தடிப்பதால் கழகத்துக்கு லாபமா? பார்ப்போம்.

மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி கொடுக்கும்படி டிரிபியூனல் உத்தரவு போடலாம். 30 லட்சம் ரூபாய்க்கு 7½ சதவீதம் வட்டி என்றால் வருஷத்துக்கு 2,25,000 ரூபாய். மாதத்துக்கு 18,750 ரூபாய். ஒரு நாளைக்கு 600 ரூபாய்க்கு மேல்!

இதை அறிந்த நல்ல வக்கீல், "இந்த வழக்கில் நம் பக்கம் நியாயம் இல்லை. லோக் அதாலத்தில் பேசி முடித்துவிடுங்கள்" என்று தம் கட்சிக்காரருக்கே புத்தி சொல்வார். அப்பீல் வேண்டாம் என்றும் சொல்வார். அதுதான் கம்பெனிக்கும் லாபம். குடும்பத்துக்கும் ஆறுதல்.

சிவகங்கை மாவட்ட அப்பீல்கள் மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் போகின்றன. அந்தக் கிளை 2004-ம் ஆண்டில் திறந்ததால் சென்னைக்கு அலையும் வேலை மிச்சமாயிற்று. ஆனால் லோக் அதாலத்தில் முடிந்த வழக்குக்கு அப்பீலே கிடையாது. இது நன்மையும்கூட, எச்சரிக்கையும்கூட. தொகை நியாயமானதா என்று யோசித்த பிறகே சம்மதிக்க வேண்டும்.

புதிய விதிகள்

2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் பல மாற்றங்கள் வந்திருக்கின்றன.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீசார் முதல் விபத்து அறிக்கையை டிரிபியூனலுக்கும் இன்சூரன்சு கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாட்களுக்குள் விவரமான அறிக்கை தர வேண்டும். அது வந்த 30 நாட்களுக்குள் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கம்பெனி சொல்ல வேண்டும். இந்த விதிகளைச் சரியாக நடத்த வேண்டும் என்று 2022-ம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலே, உயிர் போனதற்கு 5 லட்சம் ரூபாயும் பலத்த காயத்துக்கு 2½ லட்சம் ரூபாயும் கேட்கலாம். சீக்கிரம் கிடைக்கும் பணம்தான். ஆனால் ஜாக்கிரதை! அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டு சமரசம் செய்துகொண்டால், பெரிய தொகை கேட்டுப் போட்ட மனு ரத்தாகிவிடும். மேலே சொன்ன கொத்தனார் குடும்பம் 30 லட்சத்தை விட்டு 5 லட்சத்தோடு திரும்பிவிடும்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்கு போயிருக்கிறது. அது எப்படி முடிந்தாலும் சரி, நீங்கள் ஆறு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

புரோக்கர்கள்!

ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலர் வந்து நிற்பார்கள். "நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம். வருகிற பணத்தில் பாதி கொடுத்தால் போதும்" என்பார்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து கேட்பார்கள்.

போடாதீர்கள். ஜெயித்த பணத்தில் பங்கு பேசி வழக்கு நடத்த இந்தியாவில் வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. அமெரிக்காவில் அந்தப் பழக்கம் உண்டு. இங்கே வக்கீல் சங்க விதி அதைத் தடுக்கிறது.

வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்கள் எவ்வளவு வருமானம் உள்ளவர்களானாலும் இந்த உதவியைப் பெறலாம். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

ஒரு பெட்டி போதும்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் கணக்குப் பேரேடுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார்கள். பர்மாவில் கொடுத்த கடனுக்குக்கூட காரைக்குடியில் கணக்கு இருந்தது.

இன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும், குடிசை வீடானாலும், ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதில் பிறந்த தேதிச் சான்று, பாங்கிப் புத்தகம், நலவாரிய அட்டை, வண்டிப் பாலிசி, லைசென்சு நகல் எல்லாம் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெயரும் வயதும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கூண்டில் ஏறிப் பதில் சொல்லப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கம்பெனி வக்கீல் தம் வேலையைச் செய்வார். கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் உங்கள் வீட்டுப் பெட்டியில் தயாராக இருந்தால், அவர் வாயாலேயே "ஆட்சேபணை இல்லை" என்று சொல்ல வைக்கலாம்.